கார் தூங்கும்போது சார்ஜ் ஏறட்டும்

எலெக்ட்ரிக் கார் வாங்கிய முதல் வாரம் எக்ஸ்டென்ஷன் வயரில் சார்ஜ் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் பிளக் கையைச் சுட்டது. சுருளை அவிழ்க்காமல் விட்ட வயர் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. கார் மணிக்கணக்கில் விடாமல் கரண்ட் இழுக்கும், அதை அந்த வயர் தாங்காது. முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த் போட்டுக்கொள்ளுங்கள்.

16 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட் கிடைக்கும். 40 யூனிட் பேட்டரி 20 சதவீதத்திலிருந்து 80 ஆக எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ராத்திரி மாட்டினால் காலையில் தயார். சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர், அதாவது வால்பாக்ஸ், வசதிதான், ஆனால் அவசரமில்லை.

தினசரி ஓட்டத்துக்கு 80 சதவீதம் போதும். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் கதை வேறு. அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள், மேனுவலைப் பாருங்கள்.

வெளியூர் போனால் வழியில் இருக்கும் டிசி ஃபாஸ்ட் சார்ஜர், அதாவது வேகமாக ஏற்றும் பொது சார்ஜர். 80-ஐத் தாண்டினால் சார்ஜ் ஏறும் வேகம் படுத்துவிடும், அங்கே உட்கார்ந்து 100க்குக் காத்திருப்பது வீண். அப்புறம், போய்ச் சேரும்போது அடுத்த சார்ஜர் வரை ஓட மிச்சம் வைத்திருங்கள். ஒருமுறை 4 சதவீதத்தோடு போய் நின்றேன், மெஷின் திரை கருப்பாக இருந்தது.