பைட்டோசாரும் முதலையும்: அடையாளம் காண்பதில் நேரும் தவறுகள்

நீண்ட தாடை, கூரிய பற்கள், முதுகில் எலும்புத் தகடுகள். இவற்றைப் பார்த்ததும் ‘முதலையின் மூதாதை’ என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. பைட்டோசார்கள், டைனோசர்கள் தோன்றிய ட்ரயாசிக் காலத்தின் பிற்பகுதியில் ஆறு, ஏரிகளில் வாழ்ந்து, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாரிசின்றி அழிந்த தனி ஊர்வனக் கிளை. நீரோரம் பதுங்கி இரை பிடிக்கும் வாழ்க்கைமுறை இதே உடலமைப்பை இருவேறு கிளைகளில் தனித்தனியே உருவாக்கியது.

மண்டையோட்டில் பல்லைப் பார்க்கும் முன் மூக்குத்துளையைத் தேடுங்கள். முதலைக்கு அது மூஞ்சியின் நுனியில் இருக்கும். பைட்டோசாருக்கோ வெகுவாகப் பின்னால், கண்களை நெருங்கி, மண்டையின் மேற்புறத்தில், பெரும்பாலும் சிறு மேட்டின் மீது இருக்கும். துளைக்கு முன்னாலுள்ள முன்மேல்தாடை எலும்பு நீண்டே இதன் மூஞ்சி உருவானது. முதலையின் மூஞ்சியில் பெரும்பங்கு மேல்தாடை எலும்புக்கு. பிறகு மண்டையோட்டைத் திருப்பி அண்ணத்தைப் பாருங்கள். இன்றைய முதலைகளில் மூச்சுப்பாதையை வாயிலிருந்து பிரிக்கும் எலும்புத்தட்டு தொண்டைவரை நீளும்; பைட்டோசாரில் அது இல்லை. கண்ணுக்கு முன்னால் பக்கவாட்டில் ஒரு திறப்பும் இருக்கும். இன்றைய முதலைகளில் அது மூடிவிட்டது.

மூஞ்சியின் தடிமனை வைத்து இனங்களை வகைப்படுத்துவது பழைய வழக்கம். அதை நம்ப வேண்டாம். பாராசூக்கஸ், மிஸ்ட்ரியோசூக்கஸ் என்ற பைட்டோசார்கள் இரண்டுக்குமே மெலிந்த மூஞ்சிதான், ஆனால் நெருங்கிய உறவில்லை. முன்னதில் மூக்குத்துளை, கண்ணுக்கு முன்னாலுள்ள பக்கவாட்டுத் திறப்புக்கும் முன்னால் இருக்கிறது. பின்னதில் அதற்கு மேலே, பின்தள்ளி. பைட்டோசாரிடே என்ற குடும்பப் பெயர் இந்தப் பின்தள்ளிய வகைக்கே உரியது. பாராசூக்கஸை அதில் சேர்க்காதீர்கள்.

துண்டு எலும்பை வைத்துப் பெயர் சூட்டுவது இன்னும் ஆபத்து. தெலங்கானாவின் மலேரிப் பாறைகளில் கிடைத்தவற்றை வைத்துத் தொல்லுயிரியலாளர் லைடெக்கர் 1885-இல் பாராசூக்கஸ் ஹிஸ்லோபியை விவரித்தபோது, ரிங்கோசார் என்ற வேறொரு ஊர்வனவின் எலும்பும் அதில் கலந்திருந்தது. மிஞ்சிய மூஞ்சித் துண்டிலும் இனத்தைப் பிரித்துக் காட்டும் அடையாளம் போதவில்லை. பின்னர் அங்கேயே கிடைத்த முழுமையான எலும்புக்கூடு ஒன்று 2003-இல் புதிய வகைமாதிரியாக, அதாவது பெயருக்கு ஆதாரமான மாதிரியாக, ஏற்கப்பட்ட பிறகே பெயர் நிலைபெற்றது.

பரிணாம மரத்தில் இவற்றின் இடத்தை முடிந்த விஷயமாக எழுதுவதும் தவறு. முதலைக் கிளையின் அடியில் வைப்போர் உண்டு. தொல்லுயிரியலாளர் ஸ்டெர்லிங் நெஸ்பிட்டின் 2011 ஆய்வோ முதலை, பறவை இரண்டின் பொது மூதாதைக்கும் முன்பே பிரிந்தவை என்று வைத்தது. இரண்டையும் குறிப்பிடுவதே நேர்மை. நீண்ட மூஞ்சி இல்லையென்றால் பைட்டோசார் இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள்: சீனாவின் யுன்னானில் கிடைத்த குட்டை மூஞ்சி டியான்டோங்கோசூக்கஸ் 2012-இல் வேறு குழுவில் வைக்கப்பட்டு, 2017 மறுஆய்வில் தொடக்ககால பைட்டோசாராக இனங்காணப்பட்டது.