பழைய கல்வெட்டு பைலை பிடிஎஃப் ஆக்கிறது எப்பிடி

எங்கட பக்கம் ஆள் செத்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் அடிச்சுக் குடுக்கிறது வழக்கம் தானே, தேவாரம், ஆளின்ர வரலாறு, வம்சாவளி, பிள்ளையள் பேரப்பிள்ளையள் எழுதின புலம்பல் எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். 20, 25 வருசத்துக்கு முதல் பேஜ்மேக்கர் எண்ட பக்கம் அமைக்கிற சொஃப்ட்வெயாரில பாமினி எண்ட தமிழ்ப் பொன்டில செய்த கல்வெட்டுகள் கனக்க இப்ப புத்தகமா மிஞ்சேல்லை, கொஞ்சம் இடம்பெயரேக்க போட்டுது, கொஞ்சம் கறையான் அரிச்சுட்டுது. ஆனால் அச்சகத்தில பிரிண்டருக்கெண்டு செய்த பைல் எங்கயாவது ஒரு சீடியில கிடக்கும்.

கனடாவில இருக்கிற பெரியம்மாவின்ர மகள் அக்கா எங்கட அம்மப்பாவின்ர கல்வெட்டு வேணுமெண்டு கேட்டவ, 2001இல அடிச்சது. சீடியில ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பைல் (பிரிண்டருக்கு அனுப்புற ஒரு பைல் வகை) கிடந்தது, அப்பிடியே அனுப்பினன், அக்கான்ர ஆப்பிள் மக் கொம்பியூட்டரில திறக்கேல்லை. மக்கோட வாற பைல் பாக்கிற பிரிவியூ முந்தி போஸ்ட்ஸ்கிரிப்ட் திறக்கும், 2022இல வந்த வென்ச்சுரா எண்ட மக் வெர்ஷனோட அதை எடுத்துப்போட்டாங்கள். அப்பதான் இதை ஒழுங்காப் படிச்சுச் செய்தன். இன்னும் எத்தினையோ வீட்டுக் கதை இப்பிடிச் சீடிக்குள்ள கிடக்கும், அதுகள் பழுதாக முதல் எடுக்கவேணும் எண்டதுக்காகத்தான் இதை எழுதுறன்.

முதல் வேலை, சீடியில இருக்கிறதை கொம்பியூட்டருக்கு கொப்பி எடுங்கோ, எடுத்த கொப்பிக்கும் இன்னொரு கொப்பி எடுங்கோ. பிறகு பைல் என்ன வகை எண்டு பாக்கவேணும், பேரின்ர வாலை நம்பாதேங்கோ. பிஆர்என் எண்டு முடிஞ்சால் அது பிரிண்டருக்குப் போகவேண்டியதைப் பிடிச்சு பைலா வைச்சது மட்டும்தான், உள்ளுக்க என்னவும் இருக்கலாம், அந்த நேரம் எந்த பிரிண்டர் டிரைவரைத் தெரிவு செய்தாங்களோ அதைப் பொறுத்தது. நோட்பேடில திறந்து முதல் வரியைப் பாருங்கோ. சதவீதக் குறி, ஆச்சரியக்குறி, பிஎஸ் எண்டு தொடங்கினால் போஸ்ட்ஸ்கிரிப்ட். பிகே எண்ட ரெண்டு எழுத்தோட தொடங்கினால் அது ஸிப் (zip) பைல், மைக்ரோசொஃப்டின்ர எக்ஸ்பிஎஸ் எண்ட பக்க வகையா இருக்கலாம். அட் குறியும் பிஜேஎல் எண்டும் கிடந்தால் கொஞ்சம் கீழ போங்கோ, என்டர் லாங்குவேஜ் எண்ட வரியில போஸ்ட்ஸ்கிரிப்டோ பிசிஎல்லோ (அதுவும் ஒரு பிரிண்டர் மொழி) எண்டு அதுவே சொல்லும்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984இல அடோபி கொண்டு வந்தது, அது சும்மா படம் இல்லை, பக்கத்தை எப்பிடிக் கீறவேணும் எண்டு சொல்லுற ஒரு புரோகிராம். அதால அதை ஓட்டிப் பாக்க ஒரு சொஃப்ட்வெயார் வேணும், அதுக்குத்தான் கோஸ்ட்ஸ்கிரிப்ட், காசில்லை, விண்டோஸிலயும் லினக்ஸிலயும் ஓடும். ஆரோ தெரியாத ஆக்கள் தந்த பைலெண்டால் பழைய வெர்ஷனில ஓட்டாதேங்கோ, 9.50இல இருந்துதான் பாதுகாப்பு மோட் தானா ஓனில இருக்கு.

லினக்ஸில கமாண்ட் விண்டோவைத் திறந்து பைல் கிடக்கிற போல்டருக்குப் போய் பிஎஸ்2பிடிஎஃப் எண்டு அடிச்சு ஒரு இடம் விட்டு பைலின்ர பேரை அடிச்சால் அதே பேரில ஒரு பிடிஎஃப் வந்திடும், அவ்வளவுதான். விண்டோஸில ஜிஎஸ்வின்64சி எண்டதைக் கூப்பிடுங்கோ, பிறகு ஹைபனும் சின்ன ஓவும், புதுப் பைலுக்கு வைக்கப்போற பேர், பிறகு ஹைபன், சின்ன எஸ், ஒட்டினாப்போல பெரிய எழுத்தில டிவைஸ், சமன் குறி, சின்ன எழுத்தில பிடிஎஃப்ரைட் (எழுதுற ரைட்), கடைசியா பழைய பைலின்ர பேர். பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால் வேலை செய்யாது. பைல் பேரில இடைவெளி இருந்தாலும் கரைச்சல், முதலே சின்னப் பேரா மாத்திப்போடுங்கோ.

இனித்தான் முக்கியமான விசயம், எழுத்து. பாமினி யுனிகோட் (இப்ப எல்லா இடமும் பாவிக்கிற பொது எழுத்து முறை) இல்லை, ஆங்கில எழுத்தின்ர இடத்தில தமிழ் உருவத்தை இருத்தி வைச்ச பொன்ட். அம்மா எண்டது உள்ளுக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டுதான் கிடக்கு, பாமினி உருவம் மேல வந்தால்தான் அது அம்மா. பைலைச் செய்யேக்க பொன்டையும் உள்ளுக்க வைச்சிருந்தால் பிரச்சினை இல்லை. வைக்காட்டி கோஸ்ட்ஸ்கிரிப்ட் தேடிப்பாத்துட்டு கூரியரையோ வேற எதையோ போடும், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வரும், வடிவான தமிழ்ப் புலம்பல் ஒண்டும் வாசிக்கேலாது. அதால அது ஓடேக்க விண்டோவில வாற வரியளை வாசியுங்கோ, சப்ஸ்டிடியூட்டிங் பொன்ட் எண்டு ஒரு வரி வந்தாலே அதில நிண்டு பாருங்கோ, எந்தப் பொன்ட் இல்லையெண்டு பேரும் அங்கயே இருக்கும்.

அப்பிடி வந்தால் பைல் பழுது எண்டு எறியவேண்டாம். அந்தப் பொன்டின்ர பைலைத் தேடி எடுத்து ஒரு போல்டரில போட்டு, பொன்ட்பாத் எண்ட தெரிவில அந்தப் போல்டரைக் காட்டித் திருப்பி ஓட்டுங்கோ. பேர் ஒரு எழுத்தும் பிசகாமல் பொருந்தவேணும், பாமினியிலயே தடிச்சது, சரிஞ்சது எண்டு வேற வேற பேரில கிடக்கும். வேற பொன்டில செய்திருந்தால் அந்தப் பொன்டேதான் வேணும், பாமினியைப் போட்டுச் சமாளிக்கேலாது, ஒவ்வொண்டிலயும் எழுத்து இருக்கிற இடம் வேற.

முடிஞ்ச பிடிஎஃப்பை அடோபி ரீடரில திறந்து புரொப்பர்ட்டீஸில பொன்ட் பகுதியைப் பாத்தால் ஒவ்வொரு பொன்டுக்கும் பக்கத்தில எம்பெடட் எண்டு இருக்கவேணும். இல்லாட்டி உங்கட கொம்பியூட்டரில மட்டும் சரியாத் தெரிஞ்சு கனடாவில பிழையாத் தெரியும். இன்னொண்டு, இந்த பிடிஎஃப்பில இருந்து எழுத்தைக் கொப்பி பண்ணினால் அந்த எம், கே, அரைப்புள்ளிதான் வரும். அது கன்வேர்ட் பண்ணினதில வந்த பிழை இல்லை, யுனிகோட் வேணுமெண்டால் பிறகு பாமினியில இருந்து யுனிகோடுக்கு மாத்துற கருவியில போட்டு எடுக்கிறது தனி வேலை.

அடுத்தது பேப்பர் சைஸ். எனக்கு முதல்தரம் வந்த பிடிஎஃப்பில மேல கிடந்த சிவமயம் வெட்டுப்பட்டுப் போச்சு, மனசு சரியாக் கஷ்டமாப் போச்சு. ஏனெண்டால் பைலுக்குள்ள சைஸ் சொல்லியிராட்டி கோஸ்ட்ஸ்கிரிப்ட் அமெரிக்க லெட்டர் சைஸை எடுக்கலாம், அது 612க்கு 792 பொயின்ட், எங்கட ஏ4 595க்கு 842. அளக்கிறது கீழ் இடது மூலையில இருந்து, அதால குறையிற 50 பொயின்டும் மேலதான் வெட்டுப்படும், அது கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர். பேப்பர்சைஸ் எண்ட தெரிவில ஏ4 எண்டு குடுத்தால் சரி, அதுக்கும் கேக்காட்டி பிக்ஸ்ட்மீடியா எண்ட தெரிவையும் சேருங்கோ.

படங்கள் விசயத்தில, பிடிஎஃப்செட்டிங்ஸ் எண்டு ஒரு தெரிவு இருக்கு, ஸ்கிரீன் எண்டால் படத்தை 72 டிபிஐக்கு (ஒரு அங்குலத்துக்கு எத்தினை புள்ளி எண்ட கணக்கு) இறக்கும், ஈபுக் 150, பிரிண்டரும் பிரிபிரஸ்ஸும் 300. வட்ஸ்அப்பில அனுப்ப ஈபுக் போதும், ஆனால் அதை மட்டும் வைச்சுக்கொண்டு மற்றதை அழிக்காதேங்கோ. சில ஆக்களுக்கு இருக்கிற ஒரே படமே அந்தக் கல்வெட்டு முகப்புப் படம்தான், அதால வைச்சிருக்கிற பைலை பிரிபிரஸ்ஸில எடுங்கோ.

பிசிஎல் பைலெண்டால் கோஸ்ட்பிசிஎல், எக்ஸ்பிஎஸ் எண்டால் கோஸ்ட்எக்ஸ்பிஎஸ், ரெண்டும் அதே ஆக்களின்ர, தெரிவுகளும் கிட்டத்தட்ட அதேதான், டிவைஸுக்கு பிடிஎஃப்ரைட் எண்டே குடுக்கலாம். பிசிஎல்லில கனதரம் தமிழ் எழுத்து சின்னச் சின்னப் படமாத்தான் போயிருக்கும், பாக்கேக்க சரியா இருக்கும், பெருப்பிச்சால் ஓரம் கிழிஞ்ச மாதிரித் தெரியும், அதுக்கு மேல ஒண்டும் செய்யேலாது.

சிலவேளை மறுவளமாவும் தேவைப்படும், பழைய மெஷின் வைச்சிருக்கிற அச்சகம் போஸ்ட்ஸ்கிரிப்ட் தான் வேணுமெண்டு கேட்டால் டிவைஸுக்கு பிஎஸ்2ரைட் எண்டு குடுங்கோ. புதுசாச் செய்த முகப்பில நிழல், ஊடாத் தெரியிற படம் எல்லாம் இருந்தால் கவனம், பிடிஎஃப்பில ஊடுதெரியிற வசதி 1.4 வெர்ஷனோட வந்தது, போஸ்ட்ஸ்கிரிப்டில அது இல்லை, அதால அந்தப் பகுதியைத் தட்டையான படமா மாத்திப்போடும், அதுக்கு மேல நிக்கிற எழுத்தும் படமாகி மங்கலா அடிபடலாம்.

அனுப்ப முதல் வம்சாவளிப் பக்கத்தை ஒருக்கா பேப்பரில அடிச்சுப் பாருங்கோ, அதிலதான் மெல்லிய கோடும் சின்ன எழுத்தும் கூட. அக்காவுக்கு அனுப்ப முதல் நான் அம்மாவைப் பக்கத்தில இருத்தி ஒவ்வொரு பேராப் பாத்தன், அம்மா விரல் வைச்சு வாசிச்சுக்கொண்டு வந்தவ, ஒரு பேரில கொம்பு ஒண்டு விடுபட்டிருந்ததை அவதான் கண்டுபிடிச்சவ, தடிச்ச எழுத்துக்கு மட்டும் வேற பொன்ட் போயிருந்தது. சரியான பொன்டைப் போட்டுத் திருப்பி ஓட்டித்தான் அனுப்பினன்.