சைல்ட்மைண்டர் பதிவும் லெவல் 3 படிப்பும்: இங்கிலாந்தில் இரண்டையும் சேர்த்து நடத்துவது எப்படி

இங்கிலாந்தில் உங்கள் வீட்டில் வைத்து, எட்டு வயதுக்குட்பட்ட பிறர் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காசு வாங்கிக்கொண்டு பார்த்தால், சைல்ட்மைண்டர் என்று பதிவு செய்வது கட்டாயம். பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில் நேரடியாகப் பதியலாம், அல்லது ஒரு சைல்ட்மைண்டர் ஏஜென்சி வழியாகப் பதியலாம். பதியாமல் செய்வது சட்டப்படி குற்றம். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் வேறு. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும்.

பலர் முதலில் போய் லெவல் 3 டிப்ளோமா என்ற குழந்தைப் பராமரிப்புப் படிப்புக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். சைல்ட்மைண்டராகப் பதிய லெவல் 3 தேவையே இல்லை. சட்டம் கேட்பது குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி, பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி, டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை, ஈஒய்எஃப்எஸ் என்ற ஐந்து வயது வரையிலான பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கற்றலுக்குமான அரசு சட்டகத்தைப் புரிந்து நடத்தும் திறன் ஆகியவைதான். லெவல் 3-இல் பாதி வேலை பிள்ளைகளைக் கவனித்து எழுதுவது. கையில் பிள்ளை இல்லாமல் சேர்ந்தால் பாடப் பகுதிகளை முடித்துவிட்டு, மதிப்பீட்டாளருக்குக் காட்ட எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அதனால் முதலில் ஒரு குறுகிய படிப்பு, அதோடு பதிவு, முதல் பிள்ளை பழகி அமர்ந்த பிறகு டிப்ளோமா என்ற வரிசைதான் சரியாக வரும்.

பதிவுக்கு முன்

உங்கள் கவுன்சிலின் ஆரம்பகாலக் கல்விக் குழுவுக்கு முதலில் போன் செய்யுங்கள். பல கவுன்சில்கள் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அறிமுகக் கூட்டம் வைக்கின்றன. உங்கள் பகுதியில் எந்த வயதுக்கு இடம் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கு முன்னும் பின்னும் பார்க்கத்தான் ஆள் தேவை என்றால், கைக்குழந்தைக்கான சாமான்களில் பணத்தைப் போடாதீர்கள்.

குறுகிய படிப்பு என்றால், வீட்டில் பிள்ளை பார்ப்பதற்கு என்றே இருக்கும் லெவல் 3 அவார்ட் ஒன்று போதும். இது முழு டிப்ளோமா அல்ல, சில வாரங்களில் முடித்துவிடலாம். முதலுதவிப் பயிற்சி குறைந்தது 12 மணி நேரம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பாதியை ஆன்லைனில் படிக்கலாம். பொம்மை உடலில் நெஞ்சழுத்தமும், தொண்டை அடைத்த குழந்தைக்கு முதுகில் தட்டுவதும் நேரில் செய்துகாட்டி மதிப்பிடப்படும் வகுப்பையே தேர்ந்தெடுங்கள்.

டிபிஎஸ்தான் அதிகம் இழுத்தடிக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் 16 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் சோதனை வேண்டும். மாமியார், மாடியறையில் வாடகைக்கு இருக்கும் மாணவர், எல்லோரும் இதில் அடக்கம். நர்சரி வேலைக்கு எடுத்த பழைய டிபிஎஸ் பெரும்பாலும் உதவாது, ஏனென்றால் வீட்டில் நடக்கும் வேலை என்ற குறிப்பு அதில் இருக்காது. நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், வங்கியில் முன்னெழுத்து, திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். எந்தெந்தப் பெயரில் இருந்தீர்களோ அத்தனையையும் எழுதுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் வெளிநாட்டில் வாழ்ந்திருந்தால் அந்த நாட்டின் நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். இந்தியா, இலங்கை காவல்துறைச் சான்றுகள் வரத் தாமதமாகும் என்பதால் அதைத்தான் முதல் வேலையாகத் தொடங்க வேண்டும். சான்றிதழ் வந்த 30 நாளுக்குள் டிபிஎஸ் புதுப்பிப்புச் சேவையில் சேருங்கள். தவறினால் முழுச் சோதனையையும் மறுபடி எடுக்க வேண்டும்.

கூடவே ஆஃப்ஸ்டெட் தரும் உடல்நல அறிவிப்புப் படிவத்தில் உங்கள் ஜிபி (குடும்ப மருத்துவர்) கையெழுத்திட வேண்டும், அதற்கு அவர்கள் கட்டணம் வாங்குவார்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும், கடனில் வாங்கிய வீடென்றால் கடன் கொடுத்தவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது. வேறு விசா என்றால், அதன் நிபந்தனையைப் படித்துவிட்டுத்தான் ஒரு பவுண்டாவது செலவு செய்ய வேண்டும்.

ஐந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஆரம்பகாலப் பதிவேடு, அதற்கு மேல் எட்டு வரை சைல்ட்கேர் பதிவேடு. இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். முதலாவதற்கு ஆண்டுக்கு 35 பவுண்ட். இரண்டாவதில் மட்டும் பதிந்தால் 103 பவுண்ட். விண்ணப்பம் முடிய 12 வாரம் வரை ஆகலாம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அதற்கு முன் எந்தப் பெற்றோருக்கும் தொடங்கும் தேதி கொடுக்காதீர்கள்.

எண்ணிக்கைக் கணக்கு

ஒரு சைல்ட்மைண்டர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேரைப் பார்க்கலாம். அதில் மூன்று பேர்தான் சின்னப் பிள்ளைகளாக இருக்கலாம். ஐந்தாவது பிறந்தநாளுக்கு அடுத்து வரும் செப்டம்பர் 1 வரை ஒரு பிள்ளை சின்னப் பிள்ளைதான். அந்த மூவரில் ஒரு வயதுக்குட்பட்டது ஒன்றுதான். இரட்டையர், கூடப் பிறந்தவர், உங்கள் சொந்தக் குழந்தை என்றால் இதில் தளர்வு உண்டு.

உங்கள் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வருவார்கள். வருமானக் கணக்கில் பலர் சறுக்குவது இங்கேதான். உங்களுக்கு மூன்று வயதில் ஒன்றும் ஆறு வயதில் ஒன்றும் இருந்தால், மீதம் இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கும் இரண்டு பெரிய பிள்ளைகளுக்கும்தான் இடம். பள்ளி விடுமுறையில் பெரியவன் நாள் முழுக்க வீட்டில் இருப்பான், அப்போதும் ஆறைத் தாண்டக் கூடாது.

இடமும் அளந்துதான். இரண்டு வயதுக்குட்பட்டவருக்கு 3.5, இரண்டு வயதினருக்கு 2.5, மூன்று முதல் ஐந்து வரை 2.3 சதுர மீட்டர். இந்த மூன்று வயதுப் பிரிவிலும் ஒவ்வொருவர் என்றால் 8.3 சதுர மீட்டர் வேண்டும். இது பிள்ளைகள் உண்மையில் விளையாடும் தரை. சோபாவும் அலமாரியும் அடைத்த இடத்தைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும்.

வீட்டுச் சோதனை

பதிவுக்கு முன் ஒரு அதிகாரி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, உங்களிடம் பேசுவார். புகை அலாரம், சமையலறையில் தீப்போர்வை, படிக்குக் கேட், ஜன்னல் திரைக் கயிறு, பூட்டிய மருந்துப் பெட்டி என்பவை எல்லாப் பட்டியலிலும் இருக்கும். பூஜை அறை எந்தப் பட்டியலிலும் இருக்காது, அதனால் நீங்களாகவே கவனிக்க வேண்டும். கற்பூரம் குழந்தைக்குக் கடுமையான விஷம். மிட்டாய் மாதிரி வெள்ளைக் கட்டியாக இருக்கும், கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். எரியும் விளக்கு, தீப்பெட்டி, குங்குமச் சிமிழ், மின்விளக்குகளில் இருக்கும் பட்டன் பேட்டரி எல்லாவற்றையும் உயரத்தில் பூட்டிய அலமாரிக்கு மாற்றுங்கள். பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே உள்ளே அரித்துவிடும்.

பேச்சில் அவர் கேட்பது பெரும்பாலும் பாதுகாப்பு பற்றியே இருக்கும். இன்னும் தவழாத குழந்தையின் உடம்பில் கன்றிய காயம் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் கணவர் மீதே ஒரு பெற்றோர் குற்றம் சொன்னால் யாரிடம் சொல்வீர்கள்? உள்ளூர் பிள்ளைகள் நலப் பிரிவின் எண்ணை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருங்கள். இணையத்தில் இறக்கிய கொள்கைப் படிவங்களை அப்படியே அச்சடித்து வைத்தால், அதில் எழுதியதை நீங்களே விளக்க முடியாமல் நிற்பீர்கள். அரைப் பக்கம் போதும், அது உங்கள் வீட்டைப் பற்றியதாக இருக்கட்டும்.

சாப்பாடு பற்றி: சாப்பிடும்போது பிள்ளைகள் எப்போதும் உங்கள் கண்ணிலும் காதிலும் இருக்க வேண்டும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவருக்கு முழு முந்திரி, நிலக்கடலை வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கவே கூடாது.

டிப்ளோமாவைத் தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் முழு லெவல் 3. பெயரில் ‘ஆரம்பகாலக் கல்வியாளர்’ என்று இருக்கிறதா என்பதைவிட, கல்வித் துறையின் பட்டியலில் அது முழுமையான, பொருத்தமான தகுதி என்று ஏற்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தகுதிச் சான்றுகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவாலின் பதிவேட்டிலும் அதன் எண்ணைத் தேடுங்கள். மிகக் குறைந்த விலைக்கு ‘லெவல் 3’ என்று விற்கப்படும் ஆன்லைன் சான்றிதழ்கள் பல இந்த இரண்டிலும் இருக்காது. அவற்றை வைத்து நாளை நர்சரியில் தகுதி பெற்ற ஊழியராக எண்ணப்பட முடியாது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்: என் வீட்டையே பயிற்சி இடமாக ஏற்பீர்களா, இல்லை நர்சரியில் மணி நேரம் காட்ட வேண்டுமா? மதிப்பீட்டாளர் நேரில் வருவாரா? பிள்ளை ஒன்று விலகினால் படிப்பை நிறுத்தி வைக்கலாமா? முதல் கேள்விக்குப் பதில் ‘நர்சரியில்தான்’ என்றால், அந்த நாட்களில் உங்கள் தொழில் மூடியிருக்கும் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 19 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அரசு உதவியோ கற்றல் கடனோ கிடைக்கும் வழிகள் உண்டு, கல்லூரியிடம் கேளுங்கள்.

பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தூங்கும் குழந்தையை அடிக்கடி போய்ப் பார்ப்பது விதி. அதுவே உணவு, பதிவேடு, சுத்தம் எல்லாம் முடிக்கும் நேரமும்கூட. வாரத்தில் இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம் வீதம், கூடவே ஞாயிறு காலை என்று ஒதுக்கினால் ஓரளவு தாங்கும்.

ஒரே எழுத்து, இரண்டு வேலை

தொழிலுக்கு எழுத வேண்டியதையும் படிப்புக்கு எழுத வேண்டியதையும் தனித்தனியாக எழுதுகிறவர்கள்தான் களைத்துப்போய் நடுவில் விடுகிறார்கள். ஒரு கவனிப்புக் குறிப்பைப் பாருங்கள்:

‘ம., 2 வயது 3 மாதம். தண்ணீர்த் தொட்டியருகே சிறிய கப்பால் பெரிய குவளையை நிரப்பினான். நான்கு முறை ஊற்றினான், வழிந்ததும் நிறுத்தினான். “இன்னும்” என்றான். வலது கையால் ஊற்ற, இடது கை குவளையைப் பிடித்தது.’

இதில் தீர்ப்பு எதுவும் இல்லை, கண்டது மட்டும்தான். அதற்குக் கீழே இரண்டு வரி: இரு கைகளையும் சேர்த்து இயக்குகிறான், நிறைந்தது என்பதை உணர்கிறான், அடுத்து வெவ்வேறு அளவுப் பாத்திரங்கள் கொடுத்து ‘நிறைய’, ‘காலி’ என்ற சொற்களைப் பயன்படுத்தலாம். பெற்றோருக்குக் காட்ட, இரண்டு வயது முன்னேற்ற அறிக்கைக்கு, டிப்ளோமாவின் கவனிப்புப் பகுதிக்கு என்று மூன்றுக்கும் இது போதும். ‘நன்றாக விளையாடினான்’ என்று எழுதினால் மூன்றுக்கும் உதவாது. உங்கள் ஆபத்து மதிப்பீடு, உணவுத் திட்டம், பாதுகாப்புக் கொள்கை எல்லாமே இதேபோல் டிப்ளோமாவின் ஏதோ ஒரு பகுதிக்குச் சான்றாக வரும். பகுதிகளின் பட்டியலை அலமாரிக் கதவில் ஒட்டி, முடித்ததன் தேதியை எழுதிக்கொண்டே வாருங்கள்.

படிப்புக் கோப்பில் பிள்ளையின் பெயரோ முகமோ வரக் கூடாது. பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். மதிப்பீட்டாளர் வந்தால் அடையாள அட்டையைப் பார்த்து வருகைப் பதிவேட்டில் எழுதுங்கள். அவரைப் பிள்ளைகளுடன் தனியே விடக் கூடாது.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் வந்தால் தமிழில் தாராளமாகப் பேசுங்கள், பாடுங்கள். வீட்டு மொழியைப் பயன்படுத்த வாய்ப்புத் தர வேண்டும் என்று ஈஒய்எஃப்எஸ் சொல்கிறது. அதோடு பள்ளிக்குப் போகும்முன் நல்ல ஆங்கிலமும் வர வேண்டும், அதற்கான திட்டத்தையும் எழுதி வையுங்கள்.

பணம்

பொதுப் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒரு நாளும் தொடங்காதீர்கள். காரில் பள்ளிக்கு ஏற்றிச்செல்வீர்கள் என்றால் காரின் காப்பீட்டில் வணிகப் பயன்பாட்டைச் சேர்க்க வேண்டும். பிள்ளைகளின் படங்களையும் விவரங்களையும் போனில் வைத்திருந்தால் தகவல் ஆணையரிடம் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டிவரும். வரித்துறையிடம் சுயதொழில் என்று பதிவு செய்து, முதல் ரசீதிலிருந்தே எடுத்து வையுங்கள். டிப்ளோமா நடக்கும் ஆண்டில் வருமானம் குறைவாகத்தான் இருக்கும்.

ஒப்பந்தத்தில் முன்பணம், நான்கு வார முன்னறிவிப்பு, உங்கள் விடுமுறைக்குக் கட்டணம் உண்டா இல்லையா, தாமதமாக அழைத்துப்போனால் எவ்வளவு என்பதை எழுதுங்கள். உறவுக்காரர், கோயிலில் பழகியவர் என்றாலும் இதே ஒப்பந்தம்தான். வேலைக்குப் போகும் பெற்றோருக்கான 30 மணி நேர அரசு நிதி 2025 செப்டம்பர் முதல் ஒன்பது மாதக் குழந்தைக்கே கிடைக்கிறது, ஆண்டுக்கு 38 வாரத்துக்கு. ஆனால் உங்கள் பேரப்பிள்ளைக்கோ, தங்கை பிள்ளைக்கோ அந்த நிதியை நீங்கள் கோர முடியாது. குடும்பப் பிள்ளைகளை நம்பி வருமானக் கணக்குப் போட்டிருந்தால், டிப்ளோமாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கணக்கை மாற்றி எழுதுங்கள்.