குறைந்த விலையில் ஃபொலோ ஃபோகஸ்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் குறும்படம் எடுக்கும் இளைஞர்களும், கல்யாணம், சாமத்தியவீடு என்று வீடியோ எடுப்பவர்களும், கமராவும் லென்ஸும் கைக்கு வந்தவுடன் அடுத்ததாகத் தேடும் பொருள்களில் ஒன்று ஃபொலோ ஃபோகஸ். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் பிடித்துத் திருப்பாமல், பக்கத்தில் பொருத்திய ஒரு சில்லைச் சுழற்றி, பற்சில்லுகளின் வழியாக அந்த வளையத்தை அசைக்கும் எளிய பொறி அது. விலை குறைந்தது என்பதற்காக அதை ஒதுக்கத் தேவையில்லை. மலிவான ஒன்றை வைத்தே மிக நேர்த்தியான காட்சிகளை எடுக்கலாம். பணம் வீணாவது பெரும்பாலும், அது பொருந்தப்போகும் லென்ஸையும் அதைத் தாங்கப்போகும் றொட்டையும் (கமராவின் கீழே நீளும் உலோகக் கம்பி) பாராமல், சில்லின் அழகை மட்டும் பார்த்து வாங்குவதால்தான்.

முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு லென்ஸைச் சோதிக்காமல் விடுவது. மிரர்லெஸ் கமராக்களுக்கென்று இன்று வரும் லென்ஸ்களில் மிகப் பலவற்றில் ஃபோகஸ் வளையத்துக்கும் உள்ளேயிருக்கும் கண்ணாடிகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வளையம் திரும்புவதை ஓர் உணரி அறிந்து, உள்ளே ஒரு சிறிய மோட்டரை இயக்குகிறது. இத்தகைய பல லென்ஸ்களில், வளையத்தை வேகமாகத் திருப்பினால் ஃபோகஸ் அதிக தூரம் நகரும். அதே அளவை மெதுவாகத் திருப்பினால் குறைந்த தூரமே நகரும். அப்படியானால் ஃபொலோ ஃபோகஸின் வெள்ளைத் தட்டில் நீங்கள் போடும் அடையாளம் அதே காட்சியை அடுத்த முறை எடுக்கும்போது பொய்யாகிவிடும். வளையம் இரு முனைகளிலும் முட்டி நிற்கிறதா, அல்லது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பொருளின் மீது ஃபோகஸ் வைத்து, வளையத்தில் ஒரு துண்டு டேப்பால் அடையாளமிட்டு, வளையத்தை மெதுவாகத் திருப்பி விலக்கி, பிறகு வேகமாகத் திருப்பி அடையாளத்துக்குக் கொண்டுவாருங்கள். அடையாளத்தில் நிறுத்தியபோது பொருள் தெளிவாக இல்லையென்றால், அந்த லென்ஸுக்கு எவ்வளவு விலை கொடுத்து எந்த ஃபொலோ ஃபோகஸை வாங்கினாலும் பயனில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பனசொனிக் போன்ற சில நிறுவனங்களின் கமராக்களில், வளையத்தின் அசைவுக்கு நேர்விகிதமாக ஃபோகஸ் நகரும்படி அமைத்துக்கொள்ளும் தெரிவு இருக்கிறது. உங்கள் கமராவின் மெனுவில் அது உண்டா என்று முதலில் தேடுங்கள். மற்ற வழி பழைய மனுவல் லென்ஸ்கள். நிக்கொனின் பழைய எஃப் மவுண்ட் (மவுண்ட் என்பது லென்ஸ் கமராவில் பொருந்தும் வாய்) லென்ஸ்களுக்கு, அந்த வாயிலிருந்து சென்சர் வரை 46.5 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். சோனி ஈ மவுண்டுக்கு 18 மில்லிமீற்றர் போதும். எனவே மிகுதி இடைவெளியை நிரப்பும், உள்ளே கண்ணாடி இல்லாத எளிய அடப்டர் ஒன்றே இரண்டையும் பொருத்திவிடும். அந்த லென்ஸ்கள் முனையில் உறுதியாக முட்டி நிற்கும், வளையத்தில் தூர அளவும் பொறித்திருக்கும். என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது, கையிலிருக்கும் தொகையை முதலில் இப்படியான ஒரு லென்ஸில் போடுங்கள் என்பதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நிக்கொன் லென்ஸ்களின் வளையம் கனொன் லென்ஸ்களுக்கு எதிர்த்திசையில் திரும்பும். இரண்டையும் ஒரே படப்பிடிப்பில் கலந்தால் கைப்பழக்கம் குழம்பும். திசையை மாற்றும் வசதியுள்ள ஃபொலோ ஃபோகஸ் அப்போது உதவும்.

அடுத்தது பல்லிடைத் தளர்வு. விலை குறைந்த பொறிகளின் உண்மையான குறை இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சில்லை ஒரு திசையில் சுழற்றிக்கொண்டிருந்து திடீரென எதிர்த்திசைக்கு மாற்றும்போது, பற்கள் மறுபக்கம் தொடும்வரை சில்லு மட்டும் சும்மா நகரும்; லென்ஸ் அசையாது. இந்தச் சிறு தளர்வு எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மில்லிமீற்றர் ஃபிலிம் அளவு சென்சர் உள்ள) கமராவில் 85 மில்லிமீற்றர் லென்ஸின் ஒளித்துவாரத்தை எஃப் 1.8 அளவுக்கு அகலத் திறந்து, 2 மீற்றர் தூரத்தில் நிற்பவரின் முகத்தைப் படமெடுக்கிறீர்கள் என்று கொள்வோம். தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். கண் தெளிவாக இருந்தால் காது மங்கத் தொடங்கும் அளவு. முழுக் கண்ணாடித் தொகுதியும் முன்னே நகரும் எளிய அமைப்புள்ள, 85 சென்ரிமீற்றரிலிருந்து முடிவிலி வரை 90 பாகைக்குள் ஃபோகஸ் முழுவதையும் அடக்கிய ஒரு லென்ஸில், அந்த 6 சென்ரிமீற்றர் ஆழம் வளையத்தில் ஏறத்தாழ ஒரே ஒரு பாகைக்குள் அடங்கிவிடும். வளையத்தின் விட்டம் 70 மில்லிமீற்றர் என்றால், ஒரு பாகை என்பது விளிம்பில் வெறும் 0.6 மில்லிமீற்றர். பற்களுக்கிடையில் அரை மில்லிமீற்றர் தளர்வு இருந்தாலே உங்கள் ஆழத்தின் பெரும்பகுதி அதற்குள் போய்விடும்.

இதனால்தான் விளம்பரத்தில் பல்வேறு துணைப்பொருள்கள் காட்டப்படுவதை விட, பொறியின் தளர்வைக் கையால் உணர்வது முக்கியம். கடையிலோ, கூரியரில் வந்த பெட்டியைத் திறந்தவுடனோ, பற்சில்லை ஒரு கையின் விரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் சில்லை மெல்ல இருபுறமும் ஆட்டிப் பாருங்கள். அப்படி உணரும் தளர்வு பொறியின் உள்ளே இருப்பது. லென்ஸில் பொருத்திய பின்பு தெரியும் தளர்வில் பாதி, பற்கள் போதிய அளவு அழுத்திப் பொருந்தாததால் வருவதாக இருக்கலாம். அதைச் சரிப்படுத்தலாம், உள்ளே இருப்பதை எளிதில் திருத்த முடியாது. இருக்கும் தளர்வோடு வேலை செய்ய நேர்ந்தால், அடையாளத்தை எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகுங்கள், எஃப் 1.8 ஐ விட்டு எஃப் 4 க்கு மூடினால் மேலே சொன்ன ஆழம் 13 சென்ரிமீற்றர் வரை கூடும். வெளிச்சம் போதுமான பகல் காட்சிகளில் இதை விட மலிவான தீர்வு வேறில்லை.

பற்களின் அளவு பற்றிய குழப்பம் விரைவில் தீரும். ஃபொலோ ஃபோகஸ்களில் பொதுவாகப் பயன்படுவது 0.8 மொடியூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு) பற்கள். சினிமா லென்ஸ்களும் பெரும்பாலும் அதே அளவில் வருகின்றன. வேறு அளவு எழுதப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம். கவனம் தேவைப்படுவது, சாதாரண லென்ஸைச் சுற்றி அணிவிக்கும் பல்வளையத்தில்தான். பெட்டியோடு இலவசமாக வரும், வார் போல இழுத்து இறுக்கும் வளையங்கள் சில நிமிடங்களில் வழுகத் தொடங்கும், எஞ்சிய வால் பகுதி பற்சில்லில் தட்டும். வளையம் ஒரு மில்லிமீற்றர் வழுகினாலும் தட்டில் போட்ட அடையாளங்கள் யாவும் பிழையாகிவிடும். லென்ஸின் வெளிவிட்டத்தை வேர்னியர் இடுக்கியால் அளந்து, அந்த அளவுக்கே செய்த முழு வளையத்தை வாங்குங்கள். முப்பரிமாண அச்சில் செய்து தருபவர்கள் இருந்தால் அதுவும் நன்று.

றொட்டுகளைக் கடைசியில் நினைப்பது இன்னொரு தவறு. சிறிய கமராக்களுக்கு 15 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு றொட்டுகள், மையத்திலிருந்து மையத்துக்கு 60 மில்லிமீற்றர் இடைவெளியில் பொருத்துவது வழக்கம். பெரிய ஸ்டூடியோ றிக்குகளுக்கு (கமராவையும் துணைப்பொருள்களையும் தாங்கும் சட்டம்) 19 மில்லிமீற்றர் றொட்டுகள். தன் றிக்கில் இருப்பது எது என்று பாராமல் வாங்கியவர் பொறியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டிவரும். கமராவைத் தாங்கும் தட்டு மெல்லிய பிளாஸ்ரிக்காக இருந்தாலும் சிக்கல்தான்: சில்லைச் சுழற்றும் விசையில் லென்ஸ் பக்கவாட்டில் அசைந்து, படத்தின் சட்டகமே ஆடும். ஃபோகஸ் மாறும்போது நீண்டு குறுகும் பழைய லென்ஸ் என்றால், வளையம் முன்னும் பின்னும் நகர்ந்து பற்சில்லை விட்டு விலகாத அளவுக்கு அகலமான பற்சில்லு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தனியாக நின்று கல்யாண வீடியோ எடுப்பவருக்கு இது உண்மையிலேயே வேண்டுமா என்ற கேள்வியையும் தவிர்க்கக் கூடாது. தாலி கட்டும் நேரத்தில் மணவறையைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நெருங்கி நிற்பார்கள், ஓமப்புகை எழும், யார் எப்போது குறுக்கே வருவார் என்று சொல்ல முடியாது. அங்கே முகத்தை அறிந்து தொடரும் தானியங்கி ஃபோகஸே பெரும்பாலும் கைகொடுக்கும். ஒத்திகை பார்த்து, நடிகர் நிற்கும் இடங்களைத் தரையில் குறித்து, ஃபோகஸுக்கென்று ஒருவரை நிறுத்தக்கூடிய குறும்படத்திலேயே ஃபொலோ ஃபோகஸின் பலன் முழுமையாகக் கிடைக்கும்.

கிம்பலில் (கமராவை ஆடாமல் தாங்கும் மோட்டர் பிடி) எடுப்பவர்களுக்குக் கையால் சுழற்றும் பொறி பொருந்தாது. கம்பியில்லா மோட்டர் வேண்டும். அதில் நடக்கும் தவறு, முனையில் முட்டி நிற்காத லென்ஸைத் தானாக அளவெடுக்க விடுவது. மோட்டர் முனையைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லைகளைக் கையாலேயே குறித்துக் கொடுக்க வேண்டும். கமராவின் மேலே மைக் வைத்திருந்தால் மோட்டரின் ஒலியும் பதிவாகும்.

பழையதாக ஒன்றை வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் இங்கே காரைநகர் கசூரினா கடற்கரையிலும் தீவகத்திலும் படப்பிடிப்புகள் நடப்பதால், உப்புக்காற்றும் மணலும் உள்ளே புகுந்த பொறிகள் விற்பனைக்கு வரக்கூடும். சில்லை முழுச் சுற்றுச் சுழற்றி, எங்காவது கரகரப்போ இறுக்கமோ தட்டுப்படுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இறுக்கும் திருகாணிகளின் புரிகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். கரகரப்பைப் போக்குவதற்கு எண்ணெய் விசிற வேண்டாம். அது மணலைப் பிடித்து வைப்பதோடு லென்ஸின் பக்கமும் பரவும். உலர்ந்த தூரிகையால் பற்களைத் துடைத்த பிறகும் அந்தக் கரகரப்புப் போகவில்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.