பயந்த நாய்க்குட்டிக்கு வன்னியில் வீடு பார்க்கும்போது

உரப்பையில் கட்டி ரோட்டோரம் போட்டுவிட்டுப் போன குட்டி ஒன்றைத் தூக்கி வந்து வைத்திருக்கிறீர்கள். சாப்பிடுகிறது, உடம்பும் தேறிவிட்டது, ஆனால் படலை திறக்கிற சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறது. உங்களிடம் ஏற்கெனவே நாய்கள் இருக்கின்றன, அல்லது வேலைக்குப் போக வேண்டும், இதை நிரந்தரமாக வைத்திருக்க ஏலாது. இப்படியான குட்டிக்கு வீடு தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அதன் பயத்தை யாரிடமும் மறைக்காதீர்கள் என்பதுதான். உள்ளதை உள்ளபடி சொன்னால் கேட்டு வருகிற ஆட்கள் குறைவார்கள், அது உண்மை. ஆனால் தெரிந்துகொண்டு வருகிறவர்கள்தான் குட்டியை வைத்திருப்பார்கள். மறைத்துக் கொடுத்த குட்டி ஒரு கிழமையில் திரும்பி வரும், இல்லையென்றால் வேலியால் ஓடிவிடும்.

கொடுப்பதற்கு அவசரப்பட வேண்டாம். தாய் இல்லாத குட்டி என்றாலும் 8 கிழமைக்கு முன் கை மாற்றக் கூடாது. மிருக வைத்தியரிடம் காட்டி, பூச்சி மருந்து கொடுத்து, தெள்ளு உண்ணி பார்த்து, பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசியை 6 முதல் 8 கிழமைக்குள் தொடங்கிவிடுங்கள். 16 கிழமை வரை 3, 4 கிழமைக்கு ஒருமுறை அதைத் திரும்பப் போட வேண்டும். விசர்நாய்க்கடித் தடுப்பூசி எப்போது என்று வைத்தியர் சொல்வார். எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி வாங்குங்கள், அந்த அட்டை குட்டியோடு போக வேண்டும்.

குட்டி உங்களிடம் இருக்கிற காலம்தான் அதன் பயத்தைக் குறைப்பதற்கு நல்ல காலம். நாய்க்குட்டிகள் உலகத்தைப் பழகிக்கொள்கிற வயது ஏறத்தாழ 3 கிழமையில் தொடங்கி 12, 14 கிழமையோடு முடிகிறது, பிறகும் பழக்கலாம், ஆனால் நேரம் எடுக்கும். அதனால் மோட்டார் சைக்கிள், லான்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம், குடை, தொப்பி போட்ட ஆள், சைக்கிளில் வருகிற மீன்காரரின் ஹோர்ன் சத்தம், இதெல்லாம் தூரத்தில் இருந்தே கண்ணிலும் காதிலும் படட்டும், அந்த நேரம் வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைக்கட்டும். அவித்த மீன், கோழி ஈரல் போதும். பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி "பார், ஒண்டும் இல்லை" என்று காட்டாதீர்கள். கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்தெடுக்கவும் வேண்டாம். நிலத்தில் பக்கவாட்டாக இருந்து, கண்ணை நேரே பார்க்காமல், கையைக் கீழே விட்டபடி போனைப் பார்த்துக்கொண்டோ அரிசி புடைத்துக்கொண்டோ இருங்கள், அது தானாக வந்து மணக்கும். மணந்த உடனே தடவக் கூடாது. இரண்டாம் தரம், மூன்றாம் தரம் வரட்டும், பிறகு தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சுப் பக்கமாகத் தொடுங்கள். உங்களிடம் பழகிவிட்டது என்று நிற்காமல், அயலில் ஆறுதலான ஒரு அக்காவையோ ஐயாவையோ அடிக்கடி வந்து இருக்கச் சொல்லுங்கள். ஒரே ஆளிடம் மட்டும் ஒட்டிய குட்டி, வீடு மாறும்போது மற்றக் குட்டிகளைவிட அதிகமாகத் தவிக்கும்.

அப்புறம் படமும் விளம்பரமும். மூலைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிற படத்தைப் போட்டால் நூறு பேர் "பாவம்" என்று எழுதுவார்கள், கோலும் வரும், ஆனால் இரக்கத்தில் வருகிற ஆளின் இரக்கம் குட்டி ஒளித்துக்கொள்கிற மூன்றாம் நாளோடு முடிந்துபோகும். உங்கள் வளவில் வெயில் காய்ந்துகொண்டோ மற்ற நாயோடு விளையாடிக்கொண்டோ இருக்கும்போது எடுத்த படத்தைப் போடுங்கள். கூடவே சிறிய வீடியோ ஒன்று, புதிய ஆள் வரும்போது என்ன செய்கிறது என்று. எழுதுவது இப்படி இருக்கட்டும்: "பெட்டைக்குட்டி, ஏறத்தாழ 3 மாதம், கபில நிறம். புது ஆளைக் கண்டால் ஒளிக்கும், அரை மணித்தியாலம் சும்மா இருந்தால் வந்து கையை மணக்கும். உரத்த குரலுக்குப் பயம். மற்ற நாயோடு நல்ல ஒற்றுமை, கோழியைத் துரத்தாது. இரவில் அழாது. காவல் நாயாக எதிர்பார்க்க வேண்டாம்." கடைசி வரியை விடாதீர்கள். "இன்றைக்குள் எடுக்காவிட்டால் ரோட்டில் விட வேண்டி வரும்" என்று எழுதுவதையும் தவிருங்கள். அது குட்டியின் பொறுப்பை வாசிக்கிறவரின் மனச்சாட்சியில் கட்டிவிடுகிற வேலை, அப்படி எடுக்கிற வீடு நிலைக்காது. பேஸ்புக், வட்ஸ்அப் குழுக்களோடு நிற்காமல், கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், மாட்டுக்கு ஊசி கேட்டு வருகிறவர்களில் மிருகத்தின் போக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் காவலுக்குத்தான் கேட்பார்கள். அது பிழையான தேவை இல்லை. யானையும் பன்றியும் வளவுக்குள் வருகிற ஊரில் குரைக்கிற நாய் தேவைதான். ஆனால் பயந்த குட்டியைச் சங்கிலியில் கட்டிக் காவலுக்கு விட்டால் அது காவல் நாயாக மாறாது, பயத்தில் கடிக்கிற நாயாக மாறும், கடைசியில் பாதிக்கப்படுவது அந்த வீட்டுப் பிள்ளைதான். ஆறுதலாகச் சொல்லி, துணிச்சலான வேறு குட்டி இருந்தால் அதைக் காட்டிவிடுங்கள். உடும்பு, பன்றி வேட்டைக்குக் கூட்டிப் போகிற பழக்கம் உள்ள வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், இல்லை என்று சொல்லுங்கள். இன்னொரு வகை, கனடாவில் இருக்கிற மகன் கோல் எடுத்து "அம்மா தனிய இருக்கிறா, ஒரு நாய் வேணும்" என்று கேட்பது. நல்ல எண்ணம்தான், ஆனால் சோறு வைக்கப்போவது அம்மா. அவவோடு கதைக்காமல் சம்மதிக்க வேண்டாம். அவவுக்கு விருப்பம் என்றால் சத்தமில்லாத அந்த வீடு இப்படியான குட்டிக்கு மிகப் பொருத்தம், அவவுக்கு ஏலாமல் போனால் யார் பார்ப்பது என்பதையும் அப்போதே பேசி முடிவெடுங்கள். வெளிநாட்டுக்குப் போக விண்ணப்பித்திருக்கிற குடும்பத்திடமும், வாடகை வீட்டில் இருக்கிறவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

நான் எல்லாரிடமும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: முந்தி வளர்த்த நாய்க்கு என்ன நடந்தது? "எங்கேயோ போயிட்டுது", அதற்கு முந்தியதும் "போயிட்டுது" என்றால் வேலி இல்லை, அல்லது தேடவில்லை. ஏ9 வீதியில் அடிபட்டது என்றால் அதன் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள். சிலர் 2008, 2009இல் போரில் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்த நாயைப் பற்றிச் சொல்வார்கள், அவிழ்த்துவிட்டு வந்தோம், கொஞ்ச தூரம் பின்னால் வந்தது என்று. அப்படிச் சொல்கிறவரை அவசரப்படுத்தாமல் கேளுங்கள். வெடிச்சத்தத்துக்கு ஒரு உயிர் ஏன் கட்டிலுக்குக் கீழே போகிறது என்று அவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வீட்டைப் போய்ப் பார்க்காமல் குட்டியைக் கொடுக்க வேண்டாம். சின்ன வீடா பெரிய வீடா என்பதில்லை, தகரக் கொட்டில் என்றாலும் பரவாயில்லை, நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. வேலியின் அடியில் குட்டி நுழைகிற ஓட்டை இருக்கிறதா, கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, முதலை உள்ள குளமோ வாய்க்காலோ எவ்வளவு கிட்ட, ஒளித்திருக்க ஒரு மூலை கிடைக்குமா. இரவில் யானையைக் கலைக்க யானைவெடி போடுகிற இடமா என்று கட்டாயம் கேளுங்கள். வயல் காட்டுக் கரைகளில் அது இல்லாமல் முடியாது, அப்படியானால் இரவில் குட்டி வீட்டுக்குள் படுக்குமா என்பதுதான் கேள்வி. சின்னப்பிள்ளைகள் இருந்தால் அவர்களோடும் கொஞ்சம் விளையாடிப் பாருங்கள், கலைத்துப் பிடிக்கிற வயது என்றால் இப்போதைக்கு வேண்டாம், சொல்வதைக் கேட்கிற பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீடு நல்லது. அங்கே ஏற்கெனவே ஒரு சாதுவான பெரிய நாய் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, குட்டி அதைப் பார்த்தே ஆட்களை நம்பப் பழகும்.

அவர்கள் குட்டியைப் பார்க்க வரும் நாளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். யாராவது தூக்கும்போது குட்டி அசையாமல் கிடந்தால் "நல்ல அமைதியான குட்டி" என்று சந்தோசப்படுவார்கள். அது அமைதி இல்லை, பயத்தில் விறைத்துப் போயிருக்கிறது. வால் வயிற்றுக்குள் போயிருக்கும், காது பின்னால் படிந்திருக்கும், வாயை நக்கும், தேவையில்லாமல் கொட்டாவி விடும். இதையெல்லாம் அவர்களுக்குக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள், தூக்க வேண்டாம், நிலத்தில் இருங்கோ என்று சொல்லுங்கள். தேத்தண்ணி குடித்து முடியும் வரை பொறுமையாக இருந்து, குட்டி வராவிட்டாலும் "பரவாயில்லை, இன்னொரு நாளைக்கு வாறம்" என்கிற ஆள் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கொடுக்கிற நாளையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். தீபாவளி, பொங்கல், வருடப்பிறப்பை ஒட்டி வெடி கொளுத்துவார்கள், அந்தக் கிழமைகள் வேண்டாம். காலபோக நெல் வெட்டு நடக்கும்போது வீடே வயலில் நிற்கும், குட்டி தனிய அந்தரப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கிற வளவு என்றால் மழை விடும் வரை உங்களிடமே இருக்கட்டும். காலை நேரத்தில் கொண்டுபோங்கள், இருட்டுவதற்குள் அது இடத்தை மணந்து பார்க்க வேண்டும். மூடக்கூடிய கூடையில் அல்லது காற்றுப் போகிற பெட்டியில் வைத்து ஓட்டோவில் போவது நல்லது, மடியில் வைத்து மோட்டார் சைக்கிளில் போனால் ஒரு ஹோர்ன் சத்தத்துக்குக் குதித்துவிடும். படுத்த சாக்கைக் கழுவாமல் கூடக் கொடுத்துவிடுங்கள், சாப்பாட்டையும் உடனே மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதல் சில நாள் ஒரு அறை, ஒரு சாப்பாட்டுக் கோப்பை, ஒரே ஆள், அவ்வளவு போதும். அயலட்டை பார்க்க வருவதைத் தள்ளி வையுங்கள். முதல் இரண்டு மூன்று கிழமைக்கு வளவுக்குள் விடும்போதும் நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பட்டியும் நீளக் கயிறும் இருக்கட்டும், கழுத்துப்பட்டி மட்டும் போட்டால் பின்னால் இழுத்துக் கழற்றிவிடும். பயத்தில் பல்லுப் பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி வைத்தியசாலைக்குப் போக வேண்டும், குட்டி சின்னன்தானே என்று விடக் கூடாது. அரச வைத்தியசாலையில் விசர்நாய்க்கடிக்கான சிகிச்சை இலவசம்.

ஓடிவிட்டால் யாரும் கலைக்க வேண்டாம், ஊரைக் கூட்டிச் சத்தமாகக் கூப்பிடவும் வேண்டாம், கலைத்தால் இன்னும் தூரம் போகும். கடைசியாகக் கண்ட இடத்தில் அந்தச் சாக்கைப் போட்டு, கருவாட்டுத் துண்டோ மீனோ வைத்து, உங்களுக்குக் கோல் எடுக்கச் சொல்லுங்கள், எந்த நேரம் என்றாலும். குட்டிக்குத் தெரிந்த குரல் உங்களுடையது. ஒத்துவரவில்லை என்றால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பதை, முகத்தை முறிக்காமல், கொடுக்கும்போதே சொல்லி வாக்கு வாங்குங்கள். பெட்டைக்குட்டி என்றால் 6 மாதம் ஆகிற நேரம் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு நாள் கேட்டு நீங்களே ஞாபகப்படுத்துங்கள், கொண்டுபோக வாகனம் இல்லை என்றால் நீங்களே வந்து கூட்டிப் போவதாகவும் சொல்லிவிடுங்கள்.