முதல் டெஸ்க்டாப் கணினி: பாகங்களை வாங்கும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

சொந்தமாக ஒரு டெஸ்க்டாப் கணினியைப் பொருத்த முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் எந்த பிராசஸர் வாங்கலாம் என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். ஈரோட்டில் எங்கள் வீட்டுக் கணினியைப் பொருத்திய பிறகு, கணினி வைக்கப்போகும் அறையின் பிளக் பாயிண்டிலிருந்துதான் அந்தப் பேச்சு தொடங்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

ஆகவே முதல் வேலை, அந்தப் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று துளைகள் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இணைக்கப்படாத பழைய வீடுகள் நம் பகுதியில் உண்டு. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். உள்ளே மின்னிரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் உலோகக் கூட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லாத இடத்தில் அந்தக் கூடு 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி அழுத்தத்தில் நிற்கும். பாயும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், கணினியின் வெளிப்பெட்டியான கேபினெட்டைத் தொடும் விரலில் சுருக்கென்ற உணர்வு மட்டும் தெரியும். எங்கள் வீட்டில் இந்த உணர்வு தெரிந்தபோது எஸ்.எம்.பி.எஸ். மீதுதான் சந்தேகம் எழுந்தது. வயர்மேன் வந்து பார்த்த பிறகே, எர்த் குழியில் கம்பி அரித்துத் துண்டாகியிருந்தது தெரிந்தது.

இந்தச் சோதனையை வயர்மேனைக் கொண்டே செய்யுங்கள். மல்டிமீட்டரில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்டினால், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறத்தாழ அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பல்பு வைத்துச் சோதிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் வீட்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் பொருத்தியிருந்தால், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பை வைத்தவுடன் அந்தச் சுவிட்ச் விழுந்துவிடும், அதைப் பழுதென்று எண்ண வேண்டியதில்லை. மாசி முதல் வைகாசி வரை நம் மண் காய்ந்து கிடக்கும் மாதங்களில் எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வருவது அவசியம்; ஈரமில்லாத மண் மின்சாரத்தைச் சரியாக இழுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவதாக, பிராசஸர், மதர்போர்டு, ராம் மூன்றையும் ஒரே தாளில் சேர்த்து எழுதி முடிவு செய்யுங்கள். இவற்றைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.5 சாக்கெட் (போர்டில் பிராசஸர் அமரும் இடம்) டி.டி.ஆர்.5 ராமை மட்டுமே ஏற்கும்; பழைய ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு டி.டி.ஆர்.4 வேண்டும். இன்டெலின் பி760 சிப்செட்டில் இரண்டு வகை ராமுக்கான போர்டுகளும் விற்கப்படுவதால், போர்டின் பெயரை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டு வகை ராமின் வெட்டும் வேறுவேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. கணக்கு எழுதவும் கல்லூரி வேலைகளுக்கும் மட்டும் கணினி வேண்டுபவர்கள், உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட பிராசஸரை வாங்கி, மிச்சமாகும் பணத்தை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் எஸ்.எஸ்.டி.யிலும் போடுவதே சிறந்தது என்பது என் கருத்து.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, தரம் முழுவதற்கும் அது சான்று அல்ல. எனவே பெயர் தெரியாத நிறுவனத்தின் பொருளை அந்த முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் கணினியை அதில் இணைக்க வேண்டாம். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் அதன் பின்புறச் சுவிட்சை யு.பி.எஸ். நிலையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் மாறும் அந்தக் கணத்தில் கணினி அணைந்து மறுபடி தொடங்கும்.

சோமனூர், பல்லடம், திருப்பூர் பக்கம் இருப்பவர்கள் கேபினெட்டின் தோற்றத்தைவிட அதன் வலைகளைப் பார்த்து வாங்க வேண்டும். தறியிலிருந்தும் பனியன் துணியிலிருந்தும் பறக்கும் பஞ்சு, பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே படிந்து காற்றை அடைத்துவிடும். முன்புறத்திலும், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அடியிலும், கழற்றித் தட்டிவிடக்கூடிய வலை இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கிராபிக்ஸ் கார்டின் நீளமும் பிராசஸர் கூலரின் உயரமும் கேபினெட்டின் அளவுக்குள் அடங்குமா என்று மில்லிமீட்டரில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மதர்போர்டை மட்டுமாவது, ஆன்லைனில் வாங்காமல் கோவை காந்திபுரம் போன்ற இடத்துக் கடையில் நேரில் வாங்குவதையே நான் விரும்புகிறேன். ஏ.எம்.5, இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 ஆகியவற்றில் பின்கள் சாக்கெட்டிலேயே இருப்பதால், கடைக்காரரின் முன்னிலையிலேயே மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒரு பின்கூட வளையவில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். வளைந்த பின்னுக்குப் பொதுவாக வாரண்டி கிடைப்பதில்லை. அந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள், பின்னாளில் போர்டைத் திருப்பி அனுப்பும்போது கேட்பார்கள். ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பொருத்தும் நாளுக்கு முன்பே, காந்த முனையுள்ள ஒரு நீளமான 2-ஆம் எண் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், திருகுகளைப் போட்டு வைக்கச் சில கிண்ணங்கள், குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவில் இயங்குதளம் ஆகியவற்றைத் தயாராக்கிவிடுங்கள். விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போது இணைய இணைப்பு கேட்கும். புதிய போர்டின் வைஃபை அப்போது அடையாளம் தெரியாமல் போகலாம் என்பதால், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் அதே பென் டிரைவில் ஏற்றி வைப்பது நல்லது. வேலை செய்யும் இடம் வெறும் மர மேசையாக இருக்கட்டும். பாகங்களைத் தொடுவதற்கு முன் எர்த்துடன் இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பல்லடத்து நண்பர் ஒருவர், ஏ.எம்.டி.யின் ரைசன் 9000 வரிசை பிராசஸரும் ஏ.எம்.5 சாக்கெட் கொண்ட பி650 போர்டும் சரியான ஜோடிதான் என்றாலும் திரை வரவில்லை என்று எழுதியிருந்தார். அந்த பிராசஸர் 2024-இல் வந்தது. அதற்கு முன் தயாராகி அலமாரியில் இருந்த போர்டின் பயாஸுக்கு (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) அதைத் தெரிந்திருக்காது. ஆகவே போர்டு வாங்கும்போதே பயாஸைப் புதுப்பித்துத் தரும்படி கடையில் கேளுங்கள். அல்லது பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பொத்தான் பின்புறத்தில் உள்ள போர்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மேட் செய்த இன்னொரு பென் டிரைவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.