தாழ்ப்பாள் கடைசியில்தான்

எங்கள் நாய் மிளகு வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவளைக் கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அரை மணி நேரம் ஒரே ஊளை. அப்புறம் கூண்டைப் பார்த்தாலே சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். அந்தப் பயத்தைப் போக்க ஒரு மாதம் பிடித்தது. அதனால் நாயைக் கூண்டுக்குப் பழக்கும்போது முதல் நாளே கதவைத் தொடாதீர்கள்.

கூண்டுக்குள் நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடமிருந்தால் போதும். குட்டிதான் வளருமே என்று பெரிய கூண்டாக வாங்கினால் ஒரு மூலையில் தூங்கி மறு மூலையில் மூத்திரம் போகும். நடுவில் தடுப்பு வைத்து, வளர வளர நகர்த்துங்கள். வெயில் படாத, காற்று வருகிற, வீட்டார் நடமாடுகிற இடமாகப் பாருங்கள்.

இரண்டாம் முறை, கதவு தானாக ஆடிச் சாத்திக்கொள்ளாதபடி கயிற்றால் கட்டினேன். வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை உள்ளே போட்டேன். பின்னங்கால் இரண்டையும் வெளியே ஊன்றிக்கொண்டு, உடம்பை ரப்பர் மாதிரி இழுத்து, துண்டைக் கவ்வியதும் பின்வாங்கி ஓடினாள். ஓடட்டும். தினம் ஒரு சாண் தள்ளிப் போட்டேன். நான்காம் நாள் பின்னங்கால்களும் உள்ளே வந்தன. அதன் பிறகுதான் சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்தேன்.

அடுத்த சிக்கல் தாழ்ப்பாள். 'டக்' என்று விழும். அந்தச் சத்தத்துக்கே அரண்டுபோவாள். கதவு திறந்திருக்கும்போதே தாழ்ப்பாளைத் தட்டி, ஒவ்வொரு டக்குக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். இரண்டு நாளில் டக் கேட்டால் வாலாட்டினாள். பிறகு அவள் சாப்பிடும்போது சாத்தி, தட்டு காலியாகும் முன்பே திறந்தேன். அப்படியே அரை நிமிடம், ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, பிறகு அடுத்த அறைக்குப் போய்வந்து.

நடுவில் சிணுங்கினால்? மூத்திரம் போய் நேரமாகியிருந்தால் கயிற்றில் பிடித்து நேராக வெளியே அழைத்துப் போங்கள், விளையாட்டு கூடாது. அது இல்லையென்றால் ஒரு கணம் அடங்கியதும் திறங்கள். ஆனால் எச்சில் ஒழுக மூச்சிரைப்பதும் கம்பியைக் கடிப்பதும் பிடிவாதம் அல்ல, பயம். உடனே திறந்துவிட்டு, மறுநாள் பழைய கட்டத்திலிருந்து தொடங்குங்கள். தனிமையைத் தாங்காத நாய் கம்பியைக் கடித்துப் பல்லையே உடைத்துக்கொள்ளும். அதற்குக் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

உள்ளே விடும் முன் கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். மிளகின் பட்டையில் தொங்கிய வில்லை ஒருமுறை கம்பியில் மாட்டிக்கொண்டது. நான் அருகில் இருந்ததால் தப்பித்தாள்.

வளர்ந்த நாயானாலும் பகலில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குட்டி அவ்வளவு நேரம் மூத்திரத்தை அடக்காது. திட்டி உள்ளே தள்ளுவது எப்போதுமே கூடாது.

ராத்திரியில் கூண்டு என் கட்டிலை ஒட்டியே இருக்கும். சிணுங்கினால் கம்பி வழியே விரலை நீட்டுவேன். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சுருண்டு படுத்துக்கொள்வாள்.